பரம்பரைக்கு இருபது மதிப்பெண்

ஒரு பெண்ணின் குடித்தனத்தை நான் மைக்கில் கலைத்தேன். தேனியில், ஒரு கல்யாண மண்டபத்தில், கைதட்டலுக்கு நடுவே.

நீங்கள் என்னை வில்லனாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதற்கான உடல்வாகு எனக்கில்லை. தொண்ணூற்றெட்டில் டுடோரியல் ஒன்றில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். சோடாபுட்டிக் கண்ணாடி, முன்வழுக்கை, அப்பா வழியில் வந்த ஆஸ்துமா... அவ்வளவுதான் நான்.

ஊர் மன்றம் ஒன்று கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தது. நடுவராக வரவேண்டிய டாக்டர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். மன்றத்துச் செயலாளர் ஸ்கூட்டரில் வந்து, "நீங்களும் அந்த லைன்தான சார், ஏறுங்க" என்றார். தவளையை அறுக்கத் தெரிந்தவனுக்குக் குழந்தையை மதிப்பிடத் தெரியாதா!

தெரியாமல் செய்தேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் படித்திருந்தேனே... அமெரிக்கச் சந்தைகளில் மாட்டுக்கும் பன்றிக்கும் பரிசு கொடுத்த கையோடு குழந்தைகளுக்கும் மதிப்பெண் போட்டார்கள். பிறகு முழுக் குடும்பங்களுக்கே போட்டார்கள். இனமேம்பாட்டியல் என்று அதற்கு மரியாதையான பெயர். தாழ்ந்த ரகம் என்று முத்திரை குத்தியவர்களுக்குச் சட்டம் போட்டுக் கருத்தடை செய்தார்கள். ஜெர்மனியில் அது கொலையில் போய் நின்றது. இதையெல்லாம் வகுப்பில் தொண்டை கரகரக்கச் சொல்வேன். ஆஸ்துமாவும் உதவும்.

அப்படிப்பட்டவன் அன்று என்ன செய்தேன்? எடை, தடுப்பூசி, சுறுசுறுப்பு என்று மன்றத்தார் வைத்திருந்த வரிசையின் கீழே, 'பரம்பரை: இருபது மதிப்பெண்' என்று என் கையால் சேர்த்தேன். வெறும் எடை பார்க்கப் பலசரக்குக் கடைக்காரர் போதுமே, நான் எதற்கு? படித்தவன் வந்திருப்பது சபைக்குத் தெரிய வேண்டாமா?

போட்டி கலகலப்பாகவே நடந்தது. ஒரு போட்டியாளர் என் கண்ணாடியைப் பிடுங்கினார். இன்னொருவர் என் மடியிலேயே ஒன்றுக்குப் போனார். இருவருக்கும் சுறுசுறுப்பில் முழு மதிப்பெண் போட்டேன்.

தாய்மார்களிடம், "வீட்டில் யாருக்காவது குறை உண்டா?" என்று கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். தேனி வட்டாரமே தேவலோகமாக இருந்தது. உண்மையைச் சொன்னவள் ஒருத்திதான். பெயர் செல்வி. மயிலாடும்பாறையில் பிறந்து, தேனியில் ஓர் இரும்புக்கடைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"மூத்தவனுக்குக் காது கேக்காது சார்."

அவள் இடுப்பிலிருந்த இளையவன் என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். சந்தேகமே இல்லை, முதல் பரிசுக் குழந்தை. நான் இருபதை வெட்டினேன். இரண்டாம் பரிசு.

அதோடு விட்டேனா? மைக்கைப் பிடித்து விளக்கவுரையும் ஆற்றினேன். "மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். அண்ணனுக்குச் செவித்திறன் இல்லாததால், பரம்பரையில் மட்டும் பூஜ்யம்." சபை கைதட்டியது. எங்கள் ஊரில் மைக்கில் இருமினாலும் தட்டுவார்கள்.

முன்வரிசையில் இருந்த செல்வியின் மாமியார் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னது எனக்கே கேட்டது. "நாஞ் சொன்னப்ப எம் மகன் நம்பல. இப்பப் படிச்சவுகளே சொல்லிட்டாக. கோளாறு இவ ரத்தத்துலதான்."

செல்வி மேடைப் படியருகே வந்தாள். "சார், அது பிறவியில வந்ததில்ல. ரெண்டு வயசுல மூளைக் காய்ச்சல் வந்துதான் காது போச்சு. ஒரு வார்த்தை மைக்குல சொல்லிருங்க. இதையே சொல்லி அத்தை என்னைய அனுப்பிவிடப் பாக்குறாக."

மைக்செட்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "இந்தாங்க சார்" என்று மைக்கை நீட்டினார்.

என் விஞ்ஞான நோக்கைச் சிறப்பு விருந்தினர் அப்போதுதான் பாராட்டி அமர்ந்திருந்தார். இந்த நேரத்தில் 'தவறிவிட்டேன்' என்பதா?

"பாட்டுப் போடுப்பா" என்றேன்.

இதுதான் என் குற்றம். மதிப்பெண்ணை முட்டாள்தனம் என்று தள்ளிவிடலாம். இதை என்னவென்று தள்ளுவது?

மாதம் இரண்டு போனபின், செல்வியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் செயலாளர் சொன்னார். அவளுடைய புகுந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் மிகுந்த மரியாதையோடு நாற்காலி போட்டு, காபி கொடுத்தார். பையனுக்கு வந்தது காய்ச்சல், பரம்பரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"நீங்க எளகின மனசு. அவ வந்து அழுதிருப்பா" என்றார். "மைக்குல ஊரறியச் சொன்னத வீட்டுக்குள்ள வந்து மாத்துனா எப்புடி சார்?"

"பிள்ளைகள்?"

"செவிடனை அவளோட அனுப்பிட்டோம். சின்னவன் இங்கனதான் இருக்கான். மத்ததுல முழு மார்க்குன்னு நீங்கதான சொன்னீக."

உள்ளே ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை... நானும்தான்.

"மகனுக்குத் தேவாரம் ஊர்ல ஒரு இடம் பாத்திருக்கோம்" என்று அவர் நாற்காலியை அருகே இழுத்தார். "பொண்ணு வீட்டுப் பரம்பரைய நீங்க ஒருக்கா விசாரிச்சுச் சொன்னீகன்னா நல்லது."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "பார்க்கலாம்மா" என்றேன். காபி நன்றாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

செல்வியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, போகவில்லை. மயிலாடும்பாறைக்குப் பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது.