ஆளைப் பார்த்து ஸ்பிரிங்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பெரும்பாலோர் எங்கள் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள்தாம். புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போன் செய்வீர்கள். அண்ணன் வந்து நிற்பார். ஆனால் உடனே ஏறவிட மாட்டார். உங்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு குனிந்து, பின்சக்கரத்து ஷாக் அப்சர்பரின் அடியிலிருக்கும் வளையத்தை ஸ்பேனரால் திருகுவார். கனமான ஆள் ஏறினால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். ஒல்லியான ஆள் என்றால் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் 'டக்' என்று சத்தம் வரும். எத்தனை டக் என்று கேட்டே பக்கத்துக் கடைக்காரர் உங்கள் எடையைச் சொல்லிவிடுவார்.

எங்கள் பெரிய அத்தைக்கு ஒரு முறை அடுத்தடுத்து டக் டக் என்று கேட்டுவிட்டது. "இன்னாடா, நெல்லு மூட்டையா ஏத்தினு போற?" என்று கோபித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தார். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் அண்ணன் வண்டியைத் தவிர வேறெதிலும் ஏறியதில்லை.

அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊரில்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, கதிர் அறுத்து எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். செய்து வரும் ஸ்பிரிங்கை எடை வைத்து அமுக்கி, ஒழுங்காக நிமிர்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர். அந்தச் சம்பளத்தில்தான் தங்கையான நான் நர்சிங் படித்தேன். அண்ணன் இல்லாவிட்டால் நான் இல்லை. இதை அலங்காரத்துக்காக எழுதவில்லை.

அண்ணன் நல்ல ஆகிருதி உள்ளவர், நூறு கிலோவைத் தாண்டியவர். வண்டி வாங்கிய புதிதில் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் அடிவரை போய் இடிக்கும். ஹெல்மெட், ஷூ, டிபன் பை எல்லாவற்றோடும் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டு, வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று மெக்கானிக் பாபுவை டேப் வைத்து அளக்கச் சொன்னார். அந்த அளவுக்குத் தகுந்தாற்போல் கெட்டியான ஸ்பிரிங்குகளைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டார்.

"வண்டி செய்யறவன் சராசரி ஆளுக்கு செய்யறான். அந்த சராசரி ஆள நான் இன்னும் எங்கியும் பாக்கல. ஆள பாத்துதான் ஸ்பிரிங் போடணும்" என்பார்.

அண்ணி பள்ளிப்பட்டுப் பக்கம். கல்யாணத்துக்கு முன் அவருடைய அப்பாவின் மோட்டார் சைக்கிளில் புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு கழனிக்கும் வீட்டுக்கும் ஓட்டியவர். இங்கே வந்த பிறகு பின்சீட்டில் உட்கார்ந்தார். அண்ணிக்கும் தொழிற்பேட்டையில்தான் வேலை என்பதால் காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். எங்கள் ஊருக்கு பஸ் வருவது நேரத்தைப் பொறுத்ததல்ல, பஸ்ஸின் மனசைப் பொறுத்தது என்று நாங்கள் கேலி செய்வோம். அண்ணன் வண்டிதான் அண்ணியின் வேலைக்கும் ஆதாரம்.

பிறகு அண்ணனுக்கு வயிற்றில் நோய் வந்தது. சட்டை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு மெலிந்துபோனார். அப்போதும் வேலைக்குப் போனார். கனமான ஆளுக்குப் போட்ட ஸ்பிரிங் இந்த உடம்புக்கு அமுங்கவே இல்லை. சின்னக் கல் ஏறினாலும் அவரைத் தூக்கிப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பார்க்க மனசு தாங்காது.

பாபு ஒரு நாள் கேட்டே விட்டார். "ண்ணா, மெல்லிசா வேற ஸ்பிரிங் போட்டுடட்டா? கட்டை மேல உக்காந்துக்கினு போற மாதிரி கீது."

"வேணாம்டா. உடம்பு திரும்பி வரும். வந்தா மறுபடியும் மாத்திக்கினு இருப்பியா?"

ஸ்பிரிங்கை மாற்றினால் அந்த உடம்பு திரும்பாது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நான் நர்ஸ்; எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. இருவரும் தெரியாதது போல் இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பாபுவை வீட்டுக்கு வரவழைத்தார். மெல்லிய ஸ்பிரிங் போடச் சொன்னார். அப்பாடா, இனியாவது வலியில்லாமல் போவார் என்று நான் நினைத்தேன். அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டார்.

"ஹெல்மெட்ட மாட்டிக்கினு, டிபன் பைய எடுத்துக்கினு வண்டி மேல உக்காரு. பாபு அளக்கணும்."

அண்ணி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "நான் இன்னாத்துக்கு உக்காரணும்? அது நீங்க ஓட்டற வண்டி. நீங்க ஓட்டினா பின்னாடி ஏறுவேன். முன்னாடி ஏற மாட்டேன்."

"சரி, வெயிட்டாவது சொல்லு."

"தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதார். அண்ணன் வற்புறுத்தவில்லை. பாபுவின் காதில் ஏதோ சொன்னார். பாபு ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுப் போனார். அதன்மேல் அண்ணன் ஒரு நாளும் உட்காரவில்லை. சில வாரங்களில் வீட்டிலேயே, எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

காரியம் முடிந்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்று உறவினர் சிலர் நல்ல எண்ணத்தில் சொன்னார்கள். அண்ணி விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. போர்வை போர்த்திய வண்டி கூரைக்கடியில் நின்றது. அண்ணி புதுவாயல் வரை நடந்தார், ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தார், ஷிப்டுக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கினார். இனியும் தாமதமானால் வரவேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வேலையை விட்டால் குடும்பம் என்ன ஆகும்?

மறுநாள் காலை அண்ணி போர்வையை எடுத்தார். பாபுவை வரச் சொன்னார். ஹெல்மெட்டை மாட்டி, டிபன் பையைக் குறுக்கே போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். பாபு டேப்பை வைத்து அளந்தார், எழுந்தார், மறுபடியும் குனிந்து அளந்தார்.

"இன்னா, மாத்தணுமா?" என்று கேட்டார் அண்ணி.

"ஒண்ணும் மாத்த வேணாம் அண்ணி. கரெக்டா கீது." பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கே கேட்டேன், உக்கார வெச்சி அளக்காம எப்டிண்ணான்னு. 'இத்தினி வருசமா என் பின்னாடி உக்காந்துக்கினு வர்றா. அவ ஏறினா வண்டி எத்தினி அமுங்கும்னு எனக்குத் தெரியாதா?'ன்னு சொன்னாரு."

அண்ணி வண்டியை விட்டு இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியே வேலைக்குப் போனார். அன்று முதல் தாமதமில்லை.

அண்ணன் படுத்திருந்தபோது அவருடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்த்த கம்பெனி நண்பர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவமனைக்கு ஓடிவந்த சொந்தங்களுக்கும், இடுப்பு வலியோடு வந்து எங்களுடன் தங்கிய பெரிய அத்தைக்கும், பாபுவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த முதலாண்டு நினைவு நாளில் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பஸ் பிடிக்க வேண்டியவர்களை அண்ணி வண்டியில் புதுவாயல் வரை கொண்டுபோய் விடுவார். நீங்கள் ஏறுவதற்கு முன் அவர் உங்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஸ்பேனரோடு குனிவார். தயவுசெய்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.