பின்சீட்டில் ஓடிய கியர்

சர்க்கரை நோயால் என் கணவரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, அவருடைய பைக்கை நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பேரையூரிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவார்.

“கிளட்ச்சப் புடி புள்ள. ஒவ்வொரு கியரா எறக்கு. ஒரேயடியா எறக்குனா கியர் பாக்ஸ்ல பல்லு போயிரும்.”

“தெரியும், சும்மா வாங்க” என்று எரிந்து விழுவேன்.

நான் கியரை இறக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது தொடை என் இடுப்போரம் வெடுக்கென்று அசையும். வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் டாக்டர் வலது காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இதையும் எடுத்தாக வேண்டும் என்றார். திரும்பும்போது பின்சீட்டிலிருந்து பாடமே வரவில்லை. எப்படியாவது ஒரு வார்த்தை திட்டட்டும் என்று, பசுமலை தாண்டி வந்த வேகத்தடையில் வேண்டுமென்றே கியரை இறக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்தேன். டாப் கியரில் இன்ஜின் திணறி, வண்டி குலுங்கியது.

“ஏங்க, கியரை எறக்கல.”

“அப்படியே போ புள்ள.”

அவருடைய தொடை அசையவேயில்லை.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுப்பதாகவே அதுவரை நினைத்திருந்தேன். இல்லாத பாதத்தால் கியர் மிதித்து, அவரேதான் வண்டியை ஓட்டி வந்திருக்கிறார். அன்று, பின்சீட்டில் உட்கார்ந்தபடியே இறங்கிக்கொண்டார்.