திரைக்குப் பின்னால் ஒரு தொண்டை

முகத்தை ஒளித்துவைத்துத் தொண்டையை மட்டும் வாடகைக்கு விடும் சக தொழிலாளர்களே, கைதட்டு எப்போதும் திரைக்கு அந்தப் பக்கம்தான் விழும் என்பது உங்களுக்கும் தெரியும். என் தொழில் பின்பாட்டு. சீனத்துச் சிச்சுவான் கூத்தில், மேடையில் நிற்பவள் வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் பாடும். துணைக்கு மேளமும் தாளமும் மட்டும்.

இரண்டு நூடில்ஸ்

பிராங்பேர்ட்டில் ஒரு சிச்சுவான் சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமைகளில் கோப்பை கழுவினேன். முதலாளி சென் அன்ரி; சமையல் அவருடைய புருசன், எங்களுக்கு அங்கிள். ஞாயிறுகளில் மேல்மாடிக் கூத்து மேடையில் அன்ரிதான் கதாநாயகி.

ஒருநாள் பகிடிக்கு அன்ரியின் குரலை அப்படியே எடுத்து, சீனத்திலேயே, “ரெண்டு நூடில்ஸ், உறைப்புக் கூட!” என்று அடுப்படிக்குக் கத்தினேன். அங்கிள் இரண்டு தட்டு நிரப்பி வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் அன்ரி. வேலை போச்சு என்று நினைத்தேன். அவரோ கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். தொண்டையில் கட்டி, ஒப்பரேசனுக்கு நாளும் எடுத்தாயிற்று. ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார்:

“நாளைக்கு மேல வா, பிள்ளை. இந்தக் குரல் எனக்குத் தேவைப்படும்.”

கீழ்வீட்டு மனிசி

கதை இதுதான்: புருசனின் படகு புறப்படுகிறது. மாமியார் பக்கத்தில் நிற்பதால் பெண்சாதி கூப்பிட ஏலாது. விரலைத் தாண்டித் தொங்கும் அவளுடைய நீண்ட வெள்ளைக் கைச்சட்டை எழும்பினால் நான் “போகாதை” என்று பாடவேண்டும். விழுந்தால் வாயை மூடவேண்டும். அந்த ஒரு சொல்லை மூச்சு முடியுமட்டும் இழுக்கவேண்டும்.

வீட்டில் இழுத்துப் பழகினேன். கீழ்வீட்டு ஜெர்மன் மனிசி மேலே ஓடிவந்தார். பாட்டு என்று விளக்கினேன். கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பாட்டெண்டால் பாடு. ஆருக்கும் நோவெண்டால் சொல்லு, நான் கீழதான் இருக்கிறன்.”

கைச்சட்டை விழுந்த பிறகு

ஒப்பரேசனுக்குப் பிறகு அன்ரியின் தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது. கடையில் ஓடர் சொல்ல ஒரு மேசைமணி வாங்கி வைத்தார். அங்கிள் மணிக்குத் திரும்புவதேயில்லை. ஓடர் எழுதிய துண்டை அவர் கையில் திணித்தால்தான் சமைப்பார்.

கூத்தன்று கைச்சட்டை எழும்பியது. நான் அன்ரியின் குரலில் இழுத்தேன். முன்வரிசையில் இருந்த அங்கிள் எழும்பி நின்றுவிட்டார்.

முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்தவர் அன்ரியிடம் போகவில்லை, என்னிடம் வந்தார். “பிள்ளை, ஒருக்கா அடுப்படிக்கு வந்து ‘ரெண்டு நூடில்ஸ்’ எண்டு கத்துறியே?”

வாயைத் திறந்துவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் அன்ரி முகப்பூச்சைத் துடைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைச்சட்டை அவர் மடியில் கிடந்தது. எழும்பவில்லை. நான் வாயை மூடினேன்.

அங்கிள் அந்தக் கைச்சட்டையையே பார்த்தார். பிறகு போய் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்து அவரிடம் சொன்னார்:

“சரி. நீ மணியை அடி. இனி எனக்குக் கேக்கும்.”

டிக்கெட் பார்க்கிறவர் தொடங்கி எங்கட அம்மா வரைக்கும் எல்லாருடைய குரலையும் அவர்களைக் கேளாமல் எடுத்துத் திரிகிற எனக்கு, அன்ரியைக் கேட்டு எடுக்கவேண்டிய குரலும் ஒன்று வாய்த்துவிட்டது, அதுவும் என் தொண்டைக்குள்ளேயே.