அபூதாஹிர் அறுத்த கோல்

அபூதாஹிரை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் மைதானத்துக் களஞ்சியப் பொறுப்பாளர்; நான் கோலூன்றிப் பாய்தல் பயிற்றுநர். பதினொரு வருடம் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தோம்.

அவரிடமிருந்து ஒரு கோலை வாங்குவதற்குள் உயிர் போய்விடும். சீமெந்துத் தரையில் போடக்கூடாது, வெயிலில் சாத்தக்கூடாது, ஆணிச் சப்பாத்தோடு கிட்டவே வரக்கூடாது. திருப்பிக் கொடுத்தால் உடுத்துக் கழித்த பழைய சாரத்தின் துண்டால் நுனியிலிருந்து அடிவரை துடைப்பார். துணியின் நூல் ஒன்று கோலில் சிக்கினாலும் போதும், அந்தக் கோல் பிறகு வெளியே வராது.

இந்த வேலைக்கு முன் கிண்ணியாவில் ஃபைபர் வள்ளம் செய்யும் இடத்தில் இருந்தவர்; கோலும் அதே ஃபைபர்தான். "மயிரளவு கீறல்தான் சேர். கரையில நிக்கக்குள்ள ஒண்டும் செய்யாது. கடலில பாரம் விழக்குள்ளதான் வாய் திறக்கும்" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

என்னிடம் பயிற்சி எடுத்த ஜெயரூபி சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவள். மாகாணப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தேசியத் தெரிவுக்குப் போகலாம். மூன்று வருடமாக நான்காவதாகவே வந்துகொண்டிருந்தாள். அவளுடைய எடைக்குப் பொருந்திய கோல் களஞ்சியத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது பெரிய விருந்தினர் ஒருவர் வருகிறார் என்று மைதானம் அமர்க்களப்பட்டது. அன்று அபூதாஹிர் லீவு. வரவேற்புப் பதாகையைக் கட்ட நீளமான கம்பு கிடைக்கவில்லை. என்னிடமிருந்த இரண்டாவது திறப்பால் களஞ்சியத்தைத் திறந்து இரண்டு கோல்களை எடுத்தேன். கட்டுக்கம்பியைக் குறட்டால் முறுக்கியதும் நான்தான். மாலையில் அவிழ்த்தபோது ஜெயரூபியின் கோலில் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு கீறல் இருந்தது. அதன்மேல் நீல டேப்பைச் சுற்றிப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அவளும் நானும் கோலை எடுக்கப் போனோம். அபூதாஹிர் டேப்பை உரித்து வைத்திருந்தார்.

"இத ஆர் சுத்தின?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"அபூதாஹிர் நானா, இது சின்னக் கீறல்தானே? நான் பாத்துப் பாயுறன், தாங்கோ" என்றாள் ஜெயரூபி.

"ஏலாது மகள். பாதியில உடைஞ்சா உன்ர முள்ளந்தண்டு போயிரும்."

"நான் கையெழுத்து வச்சு எடுக்கிறன். இது என்ன, உங்கட வாப்பாட சொத்தே?" என்று கத்தினேன்.

"பூட்டி வச்சாலும் பிரயோசனமில்ல. உங்களிட்டயும் திறப்பு இருக்கு, சேர்" என்றார்.

பிறகு இரும்பறுக்கும் வாளை எடுத்தார். கோலை முழங்காலால் அழுத்திக்கொண்டு, எங்கள் கண் முன்னாலேயே இரண்டாக அறுத்தார். ஜெயரூபி அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நாசமாப் போவாய்!" என்று அழுதாள். அவர் சட்டையைக்கூட விடுவிக்கவில்லை.

விறைப்பான ஓர் இரவல் கோலோடு பாய்ந்து அவள் மறுபடியும் நான்காவதாக வந்தாள்.

அரச உடைமையைச் சேதப்படுத்தினார் என்று நான் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். டேப் சுற்றியது யார் என்று விசாரணையில் கேட்டார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "தெரியாது" என்றார். அவரைப் புல்மோட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

கடைசி நாள் திறப்புகளை என் மேசையில் போட்டார். கூடவே ஒரு நீல டேப் சுருளையும் வைத்தார்.

"உங்கட சாமான், சேர். கோல் இருந்த இடத்துக்குக் கீழ கிடந்தது."

"அப்ப ஏன் விசாரணையில சொல்லேல்ல?"

"சொன்னா அந்தப் பிள்ளை உங்களிட்டப் பாயப் பழக வராது. பழக்கிறதுக்கு இங்க வேற ஆக்களுமில்ல. உங்களுக்காகண்டு நினைச்சிராதீங்க. உங்களக் கண்ணில காட்டேலாது எனக்கு."

நேற்று புதுக் கோலொன்று வந்தது. அவர் விட்டுப்போன சாரத் துண்டால் ஜெயரூபி அதை நுனியிலிருந்து அடிவரை துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவரைத் திட்டினாள்.

"அந்த ஆள் நல்லா இருக்க மாட்டார். உண்மைதானே, சேர்?"

"ஓம்" என்றேன்.