ஈயப் பூச்சும் ஒரு ‘நோ’வும்

இந்த நாட்டில் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு நடப்பார்கள் என்று ஊரில் சொன்னபோது நான் நம்பவில்லை. மெல்பேர்னில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த வீட்டின் கூடத்தில், நாலு நிற ஓடுகளைக் கோலம்போல் இழைத்த தரையில், எல்லாரும் சேற்றுச் சப்பாத்தோடு போய்வந்தார்கள். என்னால் முடியவில்லை, கழற்றி வாசலில் வைத்தேன். மேற்பார்வை பார்த்த மார்கிரட் பதறிப்போய், “காலில் காயமா?” என்று கேட்டார்.

அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு செங்கற்சூளை முதலாளி கட்டிய வீடு. தன் சூளைகளில் என்னவெல்லாம் செய்யலாம் என்று வாங்க வருபவர்களுக்குக் காட்டவே கட்டினாராம். வெளிச்சுவரில் சிவப்பு, கறுப்பு, பாலாடை நிறக் கற்கள் பாய் பின்னியதுபோல் மாறிமாறி ஓடும். முன்னறையில் குளிர்காயும் கணப்பைச் சுற்றிப் பச்சை ஓடுகள். ஒவ்வொன்றிலும் புடைத்து நிற்கும் ஓர் அல்லிப்பூ. 1970களின் நடுவில் அந்த வீட்டைத் திருத்திப் பொதுமக்களுக்குத் திறக்க ஆயத்தம் நடந்தது. ஓடுகளைத் துடைப்பது என் வேலை.

இலங்கையில் ஐந்து வருடம் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருந்தவள் நான். கோப்பைகளின் மினுக்கப் பூச்சை அசிட்டில், அதாவது அமிலத்தில், தோய்த்து, எது தாங்கும், எது வெளுக்கும் என்று எழுதிக்கொடுப்பேன். நான் கையெழுத்து வைக்காமல் ஒரு கோப்பை வெளியே போகாது. இங்கே வேலை தேடிப் போன ஒரு கந்தோரில் என் பட்டத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் பட்டியலில் இல்லை என்று திருப்பித் தந்தார்கள்.

திருத்த வேலை செய்தவர்கள் சிந்திய சீமெந்து பச்சை ஓடுகளில் காய்ந்துபோயிருந்தது. வெளிச்சுவரில் பட்ட சீமெந்தை அசிட் ஊற்றித்தான் போக்கினார்கள். ஒருநாள் மார்கிரட் அந்தப் போத்தலோடு முன்னறைக்கு வந்தார்.

“ஊரில் இதுதானே உன் தொழில்? இது ஓட்டுக்கு ஒன்றும் செய்யாதுதானே?”

இந்த நாட்டில் என் படிப்பை மதித்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அந்த ஓடுகளில் இருந்தது ஈயம் கலந்த பழைய கண்ணாடிப் பூச்சு; அசிட் பட்டால் மினுக்கம் போய்விடும். “நோ,” என்றேன் உறுதியாக. தமிழில் ‘ஒன்றும் செய்யாதுதானே?’ என்பதற்கு ‘இல்லை’ என்றால், செய்யும், தொடாதே என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் அதே சொல் ‘ஒன்றும் செய்யாது, பூசு’ என்றாகும் என்பது எனக்கு அந்த நேரம் ஓடவில்லை. மார்கிரட் தலையசைத்தார். நான் பெருமையோடு மாடி யன்னல்களைத் துடைக்கப் போனேன்.

மத்தியானம் இறங்கி வந்தபோது அல்லிப்பூக்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன.

“ஏன் பூசினீர்கள்? நான் நோ என்றேனே!”

“ஓம், நீ நோ என்றாய். அதனால்தான் பூசினேன்!”

இருவரும் அந்த ஒற்றைச் சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றோம். விளங்கியதும் மார்கிரட் என் தோளில் தட்டினார். “கவலைப்படாதே. பழசுதானே, வயதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம்.” எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் ஏசியிருந்தால், விஷயம் தெரிந்தவள் என்று எண்ணித்தான் ஏசுகிறார் என்று ஆறியிருப்பேன். அதன்பின் அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

ட்ராமில் போகும்போதும் வரும்போதும் வெள்ளைக்காரரைப்போல் ‘யெஸ்’, ‘நோ’ சொல்லப் பழகினேன். மனதுக்குள் கேள்வி கேட்டு, மனதுக்குள் பதில் சொன்னேன். நாக்கு மெல்லத் திரும்பியது.

இரண்டு மாதம் கழித்துப் பழைய தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. ஆய்வுகூடத்தில் இடம் காலியாம். வர விருப்பமென்றால் உடனே எழுதட்டாம். என் கணவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார்.

“இஞ்ச பாரும். உமக்கு இந்த நாடு பிடிக்காதுதானே?”

“இல்லை,” என்றேன்.

பச்சை ஓட்டுக் கதையை அன்றைக்கே அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் கடிதத்தை மடித்தார்.

“இது தமிழ் ‘இல்லை’யோ, இங்கிலீஷ் ‘நோ’வோ?”

அடுப்பைத் தணித்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். எது என்று எனக்கே தெரியவில்லை.