எட்டரை மணி மாப்பிள்ளை

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் ஏழு மெக்கானிக்குகள். அவர்களில் மூத்தவருக்கு ‘ஆச்சு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பத்தொன்பது வருஷமாக எந்த வேலையை முடித்தாலும் அவர் ஆபீசுக்குச் சொல்லும் ஒரே சொல் அதுதான். முன்பு போனில் சொன்னார். ஆபீசில் எல்லாருக்கும் சேர்த்து வாட்ஸப் மாதிரி ஒரு குரூப் ஆரம்பித்த பிறகு அதில் தட்டினார். முற்றுப்புள்ளிகூட வைக்கமாட்டார். அதற்கு எதற்கு ஒரு விரல் வேலை என்பது அவர் கட்சி.

அந்த ஒரு சொல் சும்மா வந்துவிடாது. பழுது பார்த்து முடித்ததும் அவரே லிஃப்டில் ஏறி மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் மூன்று முறை போய்வருவார். முதல் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாம் தடவை குடியிருப்பவர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதும் காதில் உறுத்தாத லிஃப்ட்தான் சரியான லிஃப்ட் என்பார். அதற்குப் பிறகுதான் ‘ஆச்சு’. அது வந்துவிட்டால் அந்தக் கட்டடத்தைப் பற்றி யாரும் மறுபேச்சு பேசியதில்லை.

மேலாளருக்குத்தான் அது போதவில்லை. தினம் சாயங்காலம் ஏழு பேருக்கும் போன் போட்டு விசாரிப்பது அவருக்கு எட்டிக்காயாகக் கசந்தது. அவர் மேலிடத்தில் முறையிட்டார். மேலிடம் ஒரு செயற்கை நுண்ணறிவை வாங்கிக் கொடுத்தது. அது குரூப்பில் வரும் செய்திகளையெல்லாம் படிக்கும், மறுநாள் காலை எட்டரைக்கு அதே குரூப்பில் ஒரு அறிக்கை போடும், கீழே ஏழு பேரையும் வரிசைப்படுத்தி ஆளுக்கு இத்தனை சதவீதப் பங்களிப்பு என்று மார்க்கும் போடும். அதற்குக் கம்பெனி ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. மெக்கானிக்குகள் ‘மாப்பிள்ளை’ என்றார்கள். ஒரு வேலையும் செய்யாது, டாண் என்று நேரத்துக்கு வந்து உட்காரும், எல்லாரும் எழுந்து மரியாதை கொடுக்கவேண்டும். வேறென்ன பெயர் வைப்பது?

முதல் நாள் அறிக்கையே நன்றாக இருந்தது. ‘படக்காரர்’ என்று ஒரு மெக்கானிக். எண்ணெய் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு படம், திறந்தபின் ஒரு படம், மூடியை மட்டும் தனியாக ஒரு படம் என்று குரூப்பை நிறைக்கிறவர். அவரைப் பற்றி, ‘உயவுப் பணியில் பன்முக முன்னேற்றம் கண்டுள்ளார்’ என்று வந்தது. அதே நாளில் ஆச்சு ஓர் ஆஸ்பத்திரியில் திறந்தபடியே நின்றுவிட்ட லிஃப்ட் கதவை நாலு மணி நேரம் மல்லுக்கட்டி மூடவைத்திருந்தார். அவரைப் பற்றி, ‘குறிப்பிடத்தக்க செயல்பாடு பதிவாகவில்லை. ஊக்கம் தேவை’ என்று வந்தது.

ஆச்சு சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் மேலாளர் கூட்டம் போட்டு ஒரு குண்டைப் போட்டார். மூன்று மாத முடிவில் வரிசையில் கடைசியில் இருப்பவருக்கு இனி கட்டடங்கள் கிடையாது, ஊருக்கு வெளியே இருக்கும் உதிரிபாகக் குடோனில்தான் வேலை. சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் ஆச்சுவைப் பார்த்தார்கள்.

அவர் பொறுப்பில் இருபத்தாறு லிஃப்டுகள். எது குளிர்காலத்தில் முனகும், எது ஐந்தாம் மாடியில் அரை விரல் இறங்கி நிற்கும் என்று அத்தனையும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு நட்டு எண்ணுவதா? அன்று வீட்டில் தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

அவர் மனைவிக்கு ஒரு கூரியர் ஆபீசில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. தொலைந்த பார்சலைக் கண்டுபிடிப்பது அவள் வேலை இல்லை. அது தொலைந்ததைக் கேட்பவர் மனம் குளிரும்படி சொல்வதுதான் வேலை. அதற்கு அவள் போனில் ஒரு செயலி இருந்தது.

“ஏங்க, நீங்க பத்தொன்பது வருஷம் உழைச்சது அதுக்கு எப்படித் தெரியும்? நேத்து எத்தனை வார்த்தை எழுதினீங்கன்னுதான் அதுக்குத் தெரியும்.”

“நான் மெக்கானிக். கதை எழுதறவன் இல்ல.”

“குடோன்ல நட்டு எண்ணும்போதும் இதையே சொல்லுங்க. இன்னைக்கு என்ன செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.”

“கதவு ரப்பர் மாத்தினேன்.”

அவள் அதைப் போனுக்குள் சொன்னாள். போன் இரண்டு நொடி யோசித்துவிட்டு, ‘பயணிகளின் பாதுகாப்பையும் சௌகரியத்தையும் முதன்மையாகக் கருதி, கதவமைப்பின் விளிம்புப் பகுதியில் விரிவான புதுப்பிப்பு மேற்கொள்ளப்பட்டது’ என்று ஆரம்பித்து ஒன்பது வரி அளந்துவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“இதெல்லாம் யார் செஞ்சது?”

“நீங்கதான்.”

மறுநாள் நாலாம் இடம். அடுத்த வாரம் இரண்டாம் இடம். செயலி அவர் போனுக்கே குடிவந்தது. இவர் அதன் காதில் நாலு வார்த்தை சொன்னால் அது நாற்பதாக்கிக் குரூப்பில் போட்டுவிடும். மாப்பிள்ளை அந்த நாற்பதை நாலு வரிப் புகழ்ச்சியாக்கும். மேலாளரும் லேசுப்பட்டவரா? ஒவ்வொரு செய்திக்கும் தானாகக் கட்டைவிரல் போட ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். எழுதியது ஒரு இயந்திரம், படித்தது ஒரு இயந்திரம், பாராட்டியது ஒரு இயந்திரம். நடுவில் ஏழு மனிதர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சுவுக்கு உச்சி குளிர்ந்துபோனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எட்டரை மணிக்கு டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அறிக்கைக்குக் காத்திருப்பார். ‘இவ்வார நட்சத்திரம்’ என்று வந்த அன்று படக்காரரிடம் சும்மாவேனும் போய் நேரம் கேட்டார். செயலியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க நேரம் வேண்டும் அல்லவா, மூன்று முறை ஏறி இறங்கியது இரண்டானது. பிறகு ஒன்றானது. செயலி எழுதியதை அனுப்புவதற்கு முன் படிப்பதையும் விட்டுவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பதினோரு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில், மோட்டார் அறையில் நின்று இரண்டாம் லிஃப்டின் இரும்புக் கயிறுகளை வெள்ளைத் துணியால் பிடித்துப் பார்த்தார். லிஃப்டை மெதுவாக ஓடவிட்டு, கயிற்றின்மேல் துணியை லேசாக வைத்தால் போதும். அறுந்த கம்பி இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். துணி மாட்டியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் மாட்டியது. ஐந்து கயிற்றில் இரண்டில் கம்பிகள் தெறித்து, துருவேறிச் செம்பொடி கொட்டியிருந்தது. போன மாதமே கண்ணில் பட்டிருக்கவேண்டியது. போன மாதம் துணியை வெளியே எடுத்தோமா என்று யோசித்தார். எடுக்கவில்லை.

லிஃப்டை நிறுத்தினார். கீழே ‘ஓடாது’ பலகையை மாட்டினார். போனை எடுத்துச் செயலியிடம் சொன்னார்: “ரெண்டாவது லிஃப்ட்ல ரோப் போயிடுச்சு. அஞ்சுல ரெண்டு. உடனே மாத்தணும். அதுவரைக்கும் ஓட்டவே கூடாது.” அனுப்பு என்று தட்டினார். மேலாளரின் கட்டைவிரல் உடனே வந்தது. பரவாயில்லையே மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை எட்டரை மணி. கையில் டீ. அறிக்கை வந்தது. அவருக்கு முதலிடம். கீழே: ‘இரண்டாம் லிஃப்டின் கயிறு அமைப்பு சிறப்பாகக் கண்காணிக்கப்பட்டு, மேம்பாட்டு வாய்ப்புகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. நிலை: சீர்.’

அறிக்கையின் நகல், மேலாளரின் கட்டைவிரலோடு, அந்தந்தக் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கும் போகும். டீயை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பலகை சுவரோரம் திரும்பி நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்து ஆபீசுக்குப் போகிற நாலு பேரும் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண்ணும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஏறியவர்களை இறக்கிவிட்டு, பதினோரு மாடியும் படியேறி, மெயின் சுவிட்சை இறக்கி, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து நேற்று தன் பெயரில் போன செய்தியை முதல் முறையாகப் படித்தார்.

‘இரண்டாம் லிஃப்டின் கயிறுகளில் ஐந்தில் மூன்று நன்னிலையில் உள்ளன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எஞ்சியவற்றில் மாற்றத்துக்கான உகந்த தருணம் கனிந்துள்ளது. இயக்கம் குறித்துத் தக்க முடிவெடுக்கலாம்.’

மாப்பிள்ளையைத் திட்ட வாய் வந்தது. ஆனால் பூசி மெழுகியது தன் போன், அனுப்பியது தன் விரல். அவருக்கு வெட்கமாக இருந்தது. தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம்போல இருந்தது.

செயலாளர் மூச்சிரைக்க மேலே வந்தார். கையில் போன். “என்னங்க இது, பீக் டைம்ல நிறுத்திட்டீங்க? ரிப்போர்ட்ல சீர்னு போட்டிருக்கே, அதைப் பார்த்துத்தானே ஓடவிட்டோம்.”

“அதுக்கு விஷயம் கொடுத்தவன் நான்தான் சார். நானே சொல்றேன், ஓடாது.”

“உங்க மேலாளர் லைக் போட்டிருக்காரு.”

“அவர் எல்லாத்துக்கும் போடுவாரு.”

கொஞ்ச நேரத்தில் மேலாளரே கூப்பிட்டார். குரல் கொதித்தது. “யார்கிட்ட கேட்டு நிறுத்தின?”

“நேத்தே குரூப்ல போட்டேன் சார். நீங்க கட்டைவிரல் போட்டீங்க.”

“எதுக்குப் போட்டேன்?”

“அது எனக்கு எப்படி சார் தெரியும்?”

மேலாளர் போனை வைத்துவிட்டார்.

செயலியை அழித்துவிட்டு, குரூப்பில் தன் விரலாலேயே தட்டினார்: ‘லிஃப்ட் 2 ஓடாது ஃப்யூஸ் என்கிட்ட இருக்கு’. நாலு நாள் அந்த ஃப்யூஸ் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. புதுக் கயிறு வந்தது. மாட்டினார். மூன்று முறை ஏறி இறங்கினார். மூன்றாம் முறை தள்ளுவண்டிக்காரப் பெண்ணோடு குழந்தையின் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பிறகு தட்டினார்: ‘ஆச்சு’.

மூன்று மாதக் கணக்கு முடிந்தது. நாலு நாள் சேவைத் தடை முழுக்க அவர் தலையில். செய்திகளோ அதற்குப் பிறகு ஒற்றைச் சொல். ஏழாம் இடம். அறிக்கை, ‘மேலாளரின் தொலைநோக்கால் பெரும் ஆபத்து தவிர்க்கப்பட்டது’ என்றது. அடுத்த வரியில், ‘மூத்த தொழில்நுட்பர் புதிய பொறுப்பில் சிறக்க வாழ்த்துகள்’ என்று ஒரு பூங்கொத்துப் படமும் போட்டது.

“நான்தாங்க உங்களைக் கெடுத்தேன்” என்றாள் மனைவி.

“நீ ரெண்டு வாரம் கத்துக்கொடுத்த. அதுக்கப்புறம் நானாவேதான் கெட்டேன்.”

குடோனில் அலமாரி, அட்டைப்பெட்டி, ஒரு மேஜைவிசிறி. நட்டு எண்ணினார். மூன்றாம் நாள் படக்காரர் போன் செய்தார், குரூப்பில் அல்ல, நேராக. “அண்ணே, ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஒரு மாதிரி சத்தம் வருது. படத்துல விழமாட்டேங்குது.”

“போனைக் கதவுகிட்ட பிடி. இப்ப மூடவிடு. ம்ம். கீழ் ரோலர்.”

அதிலிருந்து ஆறு பேரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். குரூப்பில் மாப்பிள்ளைக்குப் படையல் வைத்தார்கள், வேலையைக் குடோனில் கேட்டுச் செய்தார்கள். மாப்பிள்ளை தினமும் காலை, குடோனில் குறிப்பிடத்தக்க செயல்பாடு எதுவும் இல்லை என்று போட்டுக்கொண்டிருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு நாள் காலை ஏழரைக்கு மேலாளரே கூப்பிட்டார். குரலில் அந்தப் பழைய மிடுக்கு இல்லை.

“எங்க அப்பார்ட்மென்ட் லிஃப்ட்ங்க. நம்ம கம்பெனிதான் பார்க்குது. நேத்திலேர்ந்து எட்டாவது மாடி தாண்டும்போது டக்குனு ஒரு சத்தம். ரிப்போர்ட்ல சீர்னுதான் இருக்கு. பசங்க ஸ்கூலுக்குக் கிளம்பி நிக்கறாங்க. ஏறலாமா?”

“படியில இறங்கச் சொல்லுங்க சார். நான் வர்றேன்.”

“சரி. நான் இப்பவே குரூப்ல போட்டுடறேன்.”

“வேணாம் சார்” என்றார் ஆச்சு, வெள்ளைத் துணியைத் தேடியபடி. “போட்டா எட்டரைக்குள்ள அது சீராயிடும்.”