மூன்றாவது பேஸில் அக்கா

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், என் அக்காவின் சாஃப்ட்பால் அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கவிதை எழுதுவது என்று முடிவு செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கிரிக்கெட் தவிர வேறு ஆட்டமே தெரியாது. சாஃப்ட்பால் என்றால், "பந்து மெத்துனு இருக்குமா?" என்று கேட்பார்கள். இருக்காது. அக்காவின் முழங்கையில் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும். அது பேஸ்பாலுக்குத் தங்கை மாதிரி. பந்தை அடித்துவிட்டு, மூன்று பேஸ்களைத் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்.

அக்கா அப்போது ப்ளஸ் ஒன். இருவருக்கும் தாம்பரத்தில் ஒரே பெண்கள் பள்ளி. அந்த வருடத் தொடக்கத்திலேயே பி.டி. மிஸ் சொல்லிவிட்டார், மண்டலப் போட்டியில் ஜெயித்தால்தான் அடுத்த வருடம் அணி இருக்கும், இல்லாவிட்டால் சாயங்காலம் எல்லோருக்கும் ஸ்பெஷல் கிளாஸ் என்று. இதை வீட்டில் வந்து சொன்னபோது அக்கா அழவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் மொட்டை மாடிக்குப் போய், சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள், கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து சத்தம் போடும்வரை. அவளுக்காக நான் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது. எதுகை பிடிக்கத் தெரியும்.

முதல் ஆட்டம் குரோம்பேட்டையில். அணி மோசமாகத் தோற்றது. நான் எழுதினேன்:

பந்து வந்தது பாம்பாய்ச் சீறி
அந்தோ சென்றது மட்டையை மீறி

அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் படித்துப் பார்த்தார். "பாம்பாய்ச் சீறி. நடுவுல 'ச்' ஒத்து போட்டிருக்க, கரெக்ட்" என்றார். ஆட்டம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அதைப் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். இடைவேளையில் ஒரு கூட்டமே நின்று படித்துச் சிரித்தது. அக்கா நேராக என் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

"தோத்தத எதுக்குடி ஊருக்கெல்லாம் ஒட்டற? இனிமே ஜெயிச்சா மட்டும் எழுது."

"முடியாது. ஜெயிச்சாலும் எழுதுவேன், தோத்தாலும் எழுதுவேன்."

அவள் அதைக் கிழித்தாள். மறுநாள் நான் மீண்டும் எழுதி ஒட்டினேன். அதையும் கிழித்தாள். அதற்கடுத்த நாள் இன்னும் பெரிய எழுத்தில் ஒட்டினேன். அவள் கையை நீட்டியபோது, கூட வந்த அவள் தோழி தடுத்தாள். அவள்தான் அணிக்குப் பந்து வீசுகிறவள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், சொந்த ஊர் கோவளம். அதனால் அவளை நான் கோவளத்து அக்கா என்றுதான் சொல்வேன்.

"உட்றி. தங்கச்சி நெசத்ததான எழுதிகீது? பந்து அப்டிதான் போச்சு" என்றவள், என் பக்கம் திரும்பி, "அடுத்த மேட்ச்ல என்னியும் எழுதணும், இன்னா?" என்றாள்.

எழுதினேன். அடுத்த ஆட்டமும் தோல்விதான், ஆனால் அவள் வீச்சுக்கு மட்டும் நாலு வரி கிடைத்தது. அதன்பிறகு ஆட்டம் முடிந்து ரயிலில் திரும்பும்போது பெண்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். தான் நழுவவிட்ட பந்தைக் கவிதையில் சேர்க்கக் கூடாது என்று ஒருத்தி கெஞ்சுவாள். தன் பெயருக்கு எதுகை கிடைக்குமா என்று இன்னொருத்தி கேட்பாள். அக்கா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். மழைக்காலம் நெருங்கும்போது அணி ஜெயிக்கத் தொடங்கியது. என் கவிதைகளால்தான் என்று நான் உறுதியாக நம்பினேன்.

மண்டலப் போட்டியின் கடைசி ஆட்டம் பல்லாவரத்தில் நடந்தது. இரண்டு பக்கமும் ரன்கள் சமம். கடைசி இன்னிங்ஸ், எங்கள் பேட்டிங், ஒருத்தி ஏற்கெனவே அவுட்; மூன்று பேர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். அக்கா மூன்றாவது பேஸில் நின்றாள். அவள் ஓடி வந்துவிட்டால் ஜெயித்துவிடலாம். மட்டையோடு நின்றது கோவளத்து அக்கா.

ஓங்கி ஒரு அடி. பந்து மேலே போய், இடதுபக்கக் கடைசிக்குப் பறந்தது. பள்ளியிலிருந்து போயிருந்த அத்தனை பேரும் எழுந்து "ஓடு, ஓடு" என்று கத்தினோம். அக்கா ஓடவில்லை. ஒரு காலைப் பேஸின்மேல் ஊன்றி, குனிந்து, கழுத்தை மட்டும் திருப்பிப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "அக்கா, பயப்படாத! ஓடுக்கா!" பொழிச்சலூர்ப் பக்கம் தாழ்ந்து இறங்கிய விமானச் சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் அசையவில்லை.

தூரத்தில் ஒரு பெண் பந்தைப் பிடித்தாள். கோவளத்து அக்கா அவுட். போச்சு என்று நான் கண்ணை மூடப்போன அதே நொடியில் அக்கா பாய்ந்தாள். பந்தும் அவளும் ஏறக்குறைய சேர்ந்துதான் வந்தார்கள். அவள் காலை நீட்டிச் சறுக்கி விழுந்தாள், செம்மண் புழுதி எழும்பியது. அது அடங்கியதும் நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். சேஃப்.

கோவளத்து அக்கா மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவை அப்படியே தூக்கினாள். பி.டி. மிஸ் அழுததை அன்றுதான் பார்த்தேன். அடுத்த வருடமும் அணி இருந்தது.

ரயிலில் அக்காவிடம் கேட்டேன். "முதல்லயே ஏன்க்கா ஓடல?"

"மேல போன பந்தப் புடிக்கற வரைக்கும் பேஸ்லருந்து காலை எடுக்கக் கூடாது, புடிச்சப்புறம்தான் ஓடலாம். முன்னாடியே ஓடியிருந்தா நானும் அவுட்டு. அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். அந்த வருடத்திலேயே நீளமான கவிதை அதுதான். அடி இருந்தது, பாய்ச்சல் இருந்தது, புழுதிக்கு மட்டும் நான்கு வரிகள். அவள் நின்றதை விட்டுவிட்டேன். வீராங்கனை ஒருத்தி சும்மா நின்றாள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே அக்கா சொன்னாள், "போர்டுல படிச்சேன். சூப்பரா இருக்கு. நான் நின்னத மட்டும் காணோம்."

"நின்னதுல என்னக்கா இருக்கு?"

அவள் சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போய்விட்டாள்.

ஓடுவதற்குக் கால் போதும் என்பதும், எல்லோரும் ஓடு ஓடு என்று கத்தும்போது நிற்பதற்கு வேறு என்னென்னவோ வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கூச்சல்களில் அவளால் அடையாளம் கண்டிருக்கக்கூடிய ஒரே குரல் என்னுடையது என்பதும்தான்.